"பிள்ளைக்கு நாலு மாசமா?" – பிறபொருளெதிரி இல்லாத ஒரு சிறுவன்: நிகழ்வு ஆய்வு

தை மாதம் பிறந்தும் மாரி மழை விடவில்லை. எங்கள் வைத்தியசாலையின் சிறுவர் விடுதியில் பாதிக்கு மேற்பட்ட கட்டில்களில் டெங்குப் பிள்ளைகள். திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்திருந்தார்கள். வடகீழ்ப் பருவமழைக்குப் பின்னால் டெங்கு வருவது இங்கே வழமைதான். 2017 இல் கிண்ணியா பட்ட பாட்டை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது.

அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் இந்தப் பையனும் வந்தான். நாலரை வயது, 13 கிலோ. தகப்பன் கரைவலைத் தொழிலாளி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் கதையில் எதையும் மாற்றவில்லை. இரண்டு நாள் காய்ச்சலோடு வந்தபோது என்எஸ்1 பரிசோதனை பொசிட்டிவ். அதாவது டெங்கு வைரஸின் புரதமே இரத்தத்தில் இருந்தது. நோய் எது என்பதில் சந்தேகமே இல்லை. ஐந்தாம் நாள் குருதிச் சிறுதட்டுகள் 38,000க்கு இறங்கின. இரத்தக் கசிவு எதுவும் இல்லை என்றாலும், தேவைப்பட்டால் ஏற்றுவதற்கு ஆயத்தமாக இருக்கட்டும் என்று குருதி வகை பார்க்க இரத்த வங்கிக்கு மாதிரி அனுப்பினோம்.

ஒரு மணித்தியாலத்தில் அங்கிருந்து அழைப்பு வந்தது.

"டொக்டர், இந்தப் பிள்ளைக்கு நாலு மாசமா?"

"இல்லை, நாலரை வயசு."

மறுபக்கம் சற்று நேரம் பேச்சில்லை. "அப்ப எனக்கு இது விளங்கேல்ல. குளிர்ல வச்சும் பாத்திட்டன், கூட நேரம் விட்டும் பாத்திட்டன். ஒண்டுமே ஒட்டுதில்ல."

குருதி வகையை இரண்டு பக்கமிருந்தும் பார்ப்பார்கள். ஒன்று, சிவப்பணுக்களின் மேல் ஏ, பீ அடையாளங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. மற்றது தலைகீழ்ப் பரிசோதனை: நோயாளியின் நீர்ப்பாயத்தை (இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரை) எடுத்து, வகை தெரிந்த ஏ, பீ அணுக்களோடு கலந்து, அவை திரள்கின்றனவா என்று பார்ப்பது. இந்தப் பையனின் அணுக்களில் ஏயும் இல்லை, பீயும் இல்லை. ஆகவே ஓ வகை. ஓ வகைக்காரரின் நீர்ப்பாயத்தில் ஏ, பீ இரண்டுக்கும் எதிரான பிறபொருளெதிரிகள் (அன்ரிபொடிகள், அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் செய்யும் புரதங்கள்) இருக்கவேண்டும், இரண்டு வகை அணுக்களும் திரளவேண்டும். இவனுடைய நீர்ப்பாயத்தில் இரண்டுமே திரளவில்லை.

இந்தப் பிறபொருளெதிரிகளை யாரும் ஊசி போட்டுக் கொடுப்பதில்லை. நம் குடலில் வாழும் பக்டீரியாக்களின் மேலும் ஏ, பீ போன்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றைப் பார்த்துப் பார்த்தே குழந்தையின் உடல் பிறந்து சில மாதங்களில் இவற்றைச் செய்யத் தொடங்கிவிடும். பெரும்பாலும் ஐஜிஎம் வகை, பிறபொருளெதிரிகளின் ஐந்து வகைகளில் ஒன்று. நாலு மாதக் குழந்தையிடம் இவை இல்லாவிட்டால் அது இயல்பு. நாலரை வயதுப் பிள்ளையிடம் இல்லை என்றால், நாலரை வருடமாக அந்த உடல் ஐஜிஎம்மே செய்யவில்லையோ என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் இரத்த வங்கியின் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்தான், நாங்கள் அல்ல. இதைத் தெளிவாக எழுதிவைக்க விரும்புகிறேன். "பொருந்தவில்லை" என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு அவர் அடுத்த மாதிரிக்குப் போயிருக்கலாம்.

பழைய கடதாசிகள்

அன்று பின்னேரம் தாயைக் கூப்பிட்டுப் பேசினேன். அதுவரை நாங்கள் அவரிடம் கேட்டதெல்லாம் காய்ச்சல் எத்தனை நாள், சலம் எவ்வளவு போகிறது என்பவைதான். இந்த முறை பிறந்த நாளிலிருந்து கேட்டேன்.

"ஏழு மாசம் வரைக்கும் ஒரு தும்மல்கூட இல்ல டொக்டர். குண்டுப் பிள்ளை. அதுக்குப் பிறகுதான் எல்லாம்."

பிறகு வந்தவை இவை: ஒன்பது மாதத்தில் காதில் சீழ், அதன்பின் எண்ணிக்கை தெரியாத அளவுக்குத் திரும்பத் திரும்பச் சீழ். ஒன்றேகால் வயதில் நிமோனியா. இரண்டரை வயதில் மறுபடி. மூன்றரை வயதில் மூன்றாவது தடவை, இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில். போன வருடம் மூன்று கிழமை வயிற்றோட்டம், மலத்தில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சரியான அன்ரிபயோட்டிக் கொடுக்கப்பட்டுச் சுகமாகியிருக்கிறான். தனித்தனியாகப் பார்த்தால் எந்த இடத்திலும் பிழை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிப் பார்க்கத்தான் யாரும் இருக்கவில்லை.

தாய் ஒரு பொலித்தீன் பையில் எல்லாக் கடதாசிகளையும் சேர்த்து வைத்திருந்தார். தடுப்பூசி அட்டையில் அதுவரை போடவேண்டியவற்றில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. மூன்றாவது நிமோனியாவின்போது எடுத்த இரத்த அறிக்கையில் மொத்தப் புரதம் லீற்றருக்கு 54 கிராம், அல்புமின் 40 என்று இருந்தது. இரண்டையும் கழித்தால் 14. அதுதான் குளோபியூலின், 20க்கு மேல் இருக்கவேண்டியது. பிறபொருளெதிரிகள் எல்லாம் அந்தக் குளோபியூலினுக்குள்தான் அடங்குகின்றன. அந்தக் கழித்தலை ஒரு வருடமாக யாரும் செய்து பார்க்கவில்லை. அதே தாளைப் படித்துப் பார்த்துத்தான் நானும் இவனை விடுதியில் அனுமதித்தேன்.

அதன்பின் பையனின் வாயைத் திறந்து ரோர்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டையின் இரு பக்கமும் வழுவழுப்பாக இருந்தது. ரொன்சில் இல்லை. இத்தனை தடவை காதில் சீழ் வந்த பிள்ளையின் கழுத்தில் ஒரு நெறிகூடத் தட்டுப்படவில்லை. ரொன்சிலும் நிணநீர்க் கணுக்களும் பெருப்பதற்குப் பெரும் காரணம் அவற்றுக்குள் பெருகும் பீ கலங்கள். பிறபொருளெதிரிகளைச் செய்யும் கலங்களின் முன்னோர் அவையே.

பொய் சொல்லாத ஒரு நெகட்டிவ்

ஏழாம் நாள் டெங்குப் பிறபொருளெதிரிப் பரிசோதனை செய்தோம். ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ். பதினாலாம் நாள் திரும்பவும் செய்தோம், மறுபடியும் இரண்டும் நெகட்டிவ். முதல் தடவை டெங்கு வந்தால் ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்து ஐஜிஎம் தெரியத் தொடங்கும். பத்தாம் நாளளவில் கிட்டத்தட்ட எல்லாரிடமும் இருக்கும். அதற்குப் பிந்தி ஐஜிஜி வரும். முன்பே வேறொரு வகை டெங்கு வந்து போனவர்களில் ஐஜிஜி சீக்கிரமாகவும் மிக உயரமாகவும் ஏறும். வைரஸ் கையும் களவுமாகப் பிடிபட்ட ஒரு பிள்ளையில், இரண்டு கிழமை கழித்தும் இரண்டு வகையும் இல்லை.

இங்கே மருந்தகங்களிலும் தனியார் ஆய்வுகூடங்களிலும் "டெங்கு அன்ரிபொடி நெகட்டிவ்" என்று தாள் வந்தால், டெங்கு இல்லை என்று ஆறுதலோடு வீட்டுக்குப் போகிறோம். அந்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு உடல் கொடுத்த பதிலைத் தேடுகிறது. பதில் சொல்லத் தெரியாத உடலில் அது எப்போதும் நெகட்டிவ்தான்.

அப்படியென்றால் பிறபொருளெதிரியே இல்லாமல் இவன் டெங்கிலிருந்து எப்படித் தப்பினான்? தொற்றிய கலங்களைத் தேடிக் கொல்லும் ரீ கலங்கள் இவனிடம் முழுமையாக இருந்தன. பல வைரஸ் நோய்களை இப்படிப்பட்ட பிள்ளைகள் நம்மைப் போலவே கடந்துவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகைக்கு எதிராகச் செய்த ஐஜிஜி வேறொரு வகையைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. அரைகுறையாகப் பிடிபட்ட வைரஸை, ஐஜிஜியின் வாலை (கிருமியைப் பிடிக்காத மறுமுனையை) பற்றிக்கொள்ளும் வெண்கலங்கள் தாமே உள்ளே இழுத்துக்கொள்ளும். வைரஸுக்கு அது திறந்த வாசல். இரண்டாம் தடவை டெங்கு கடுமையாவதற்கு இது ஒரு முக்கிய காரணம். அந்த ஆபத்து இவனுக்கு இருக்கவில்லை. பிறபொருளெதிரி என்றாலே நன்மைதான் என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு இது நெருடலான உண்மை.

கொழும்பிலிருந்து வந்த முடிவு

மாதிரிகளைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினோம். ஐஜிஜி லீற்றருக்கு 0.6 கிராம், இந்த வயதில் 5க்கு மேல் இருக்கவேண்டும். ஐஜிஏ, ஐஜிஎம், ஐஜிஈ மூன்றும் அளக்க முடியாத அளவு. சிடி19 அடையாளம் கொண்ட பீ கலங்கள் அறவே இல்லை என்று சொல்லத்தக்க அளவு. ரீ கலங்கள் இயல்பு. பின்னர் செய்த மரபணுப் பரிசோதனையில் பிடிகே மரபணுவில் மாற்றம் உறுதியானது.

அகாமாகுளோபியூலினீமியா என்ற, எக்ஸ் நிறமூர்த்தம் வழியாக வரும் நோய் இது. 1952 இல் அமெரிக்க இராணுவ வைத்தியர் ஒக்டன் புரூட்டன், திரும்பத் திரும்பக் கடும் தொற்றுக்கு உள்ளான எட்டு வயதுப் பையன் ஒருவனின் நீர்ப்பாயத்தை மின்புலத்தில் பிரித்துப் பார்த்தபோது, காமா குளோபியூலின் (பிறபொருளெதிரிகள் அடங்கிய பகுதி) இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்ததைக் கண்டார். வேறு மனிதரின் காமா குளோபியூலினை அவனுக்கு ஊசி மூலம் கொடுத்ததும் தொற்றுகள் நின்றன. காரணமான மரபணு கிடைத்தது 1993 இல்தான். அந்த மரபணு செய்யும் நொதியம் இல்லாவிட்டால், எலும்பு மச்சையில் பீ கலங்கள் பாதி வளர்ச்சியோடு நின்றுவிடும். பீ கலம் இல்லை என்றால் அதிலிருந்து வரும், பிறபொருளெதிரி செய்யும் திரவவிழையக் கலமும் இல்லை. அது இல்லை என்றால் ஐந்து வகைப் பிறபொருளெதிரியில் ஒன்றும் இல்லை.

இந்த ஐந்து வகையையும் புத்தகத்தில் ஓர் அட்டவணையாகப் படித்து மறந்திருந்த எனக்கு, இவனுடைய வாழ்க்கையே அதைத் திரும்பப் படிப்பித்தது.

முதல் ஏழு மாதம் அவன் நோயின்றி இருந்தது தாயின் ஐஜிஜியால். ஐந்திலும் சூல்வித்தகத்தைத் தாண்டிச் சிசுவுக்குப் போவது அது ஒன்றுதான். சூல்வித்தகக் கலங்கள் ஐஜிஜியின் வாலைப் பற்றி அக்கரை சேர்க்கின்றன. பிறக்கும்போது குழந்தையின் ஐஜிஜி முழுவதும் தாயுடையது. ஏறத்தாழ மூன்று கிழமைக்கு ஒரு தடவை அது பாதியாகும். ஆறு மாதத்தில் கணக்குப் பார்த்தால் முந்நூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மற்றப் பிள்ளைகளில் அதற்குள் சொந்த உற்பத்தி தொடங்கிவிடும். இவனில் தொடங்கவில்லை. அதனால்தான் "ஏழு மாசத்துக்குப் பிறகுதான் எல்லாம்".

பிறகு வந்த நிமோனியாவும் காதுச் சீழும் ஐஜிஜி இல்லாததன் விளைவு. நியூமோகொக்கஸ் போன்ற பக்டீரியாக்கள் வழுக்கும் சர்க்கரைப் போர்வை போர்த்துக்கொண்டு வரும். விழுங்க வரும் வெண்கலங்களுக்கு அதில் பிடி கிடைக்காது. ஐஜிஜி அந்தப் போர்வையில் ஒட்டிக்கொண்டு, தன் வாலை வெளியே நீட்டி நிற்கும். அந்த வாலைப் பிடித்தே வெண்கலம் விழுங்கும். இவனிடம் விழுங்கும் கலங்கள் தாராளமாக இருந்தன. பிடி கொடுக்கத்தான் ஆளில்லை.

ஜியார்டியா வயிற்றோட்டம் ஐஜிஏயின் இடம். நாளொன்றுக்கு உடல் அதிகமாகச் செய்யும் பிறபொருளெதிரி ஐஜிஏதான். ஆனால் அதில் பெரும்பகுதி இரத்தத்தில் தங்குவதில்லை. இரண்டு இரண்டாகக் கோத்து, குடல், மூச்சுக்குழாய், கண்ணீர், உமிழ்நீர், தாய்ப்பால் என்று வெளியே அனுப்பப்படுகிறது. கிருமி சுவரில் ஒட்டாமல் பார்ப்பது அதன் வேலை. தாய் இவனுக்கு இரண்டு வயது வரை பால் கொடுத்திருக்கிறார். அந்தப் பாலின் ஐஜிஏ இரத்தத்துக்குள் போகாது, ஆனால் குடலுக்குக் காவல் இருந்திருக்கும். வயிற்றுப் பிரச்சினை பால் மறந்த பிறகே வந்தது என்று தாய் சொன்னபோது எனக்கு அது வியப்பாக இல்லை.

ஐஜிஎம் பற்றித் தகப்பனுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. கிருமி முதல் தடவை உள்ளே வரும்போது பீ கலம் முதலில் விடுவது ஐஜிஎம். ஐந்து ஒய் வடிவங்கள் வட்டமாகச் சேர்ந்து, பத்துக் கையோடு இருக்கும். ஒவ்வொரு கையின் பிடியும் தளர்வு. பத்தும் சேர்ந்தால் விடாது. "கரைவலை மாதிரி எண்டு வையுங்கோ," என்றேன். "தனிக் கண்ணிக்குப் பலமில்லை, முழு வலையும் வளைச்சால் மீன் போகாது." அவர் யோசித்துவிட்டு, "அப்ப மற்றது தூண்டில். எந்த மீன் எண்டு தெரிஞ்சு போடுறது," என்றார். ஐஜிஜியை இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன். நாட்கள் போகப் போக, பீ கலம் தன் பிடிக்கும் நுனியைக் கூர்மையாக்கிக்கொண்டு, வாலை மட்டும் மாற்றிப் பூட்டுகிறது: எம் வால் போய் ஜி வால், அல்லது ஏ வால், அல்லது ஈ வால். பிடிக்கும் இலக்கு அதேதான், செய்யும் வேலை வேறு.

ஐஜிஈ இல்லாததால் இவனுக்கு நேர்ந்த குறை எதையும் நாங்கள் காணவில்லை. குடற்புழுக்களுக்கு எதிராகவும், இறால் நண்டு சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிப்பவர்களின் ஒவ்வாமையிலும் வேலை செய்வது அதுவே. 1960களின் நடுவில் இஷிசாகா தம்பதியர் அதைக் கண்டுபிடிக்கும்வரை ஒவ்வாமைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாதிருந்தது. ஐஜிடி பெரும்பாலும் பீ கலத்தின் மேற்பரப்பிலேயே இருப்பது. பீ கலமே இல்லாத பிள்ளையில் அதைப் பற்றிப் பேச இடமில்லை.

திருப்பிக் கொடுத்தது ஒன்றைத்தான்

சிகிச்சை இமியூனோகுளோபியூலின், அதாவது பிறருடைய பிறபொருளெதிரி, ஏற்றுவது. ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த குருதித் திரவவிழையத்தைச் சேர்த்துப் பிரித்தெடுத்தது. கிலோவுக்கு அரைக் கிராம் கணக்கில் இவனுக்கு ஆறரைக் கிராம், நான்கு கிழமைக்கு ஒரு தடவை. ஐஜிஜி மூன்று கிழமையில் பாதியாகிவிடும் என்பதால்தான் இந்த இடைவெளி.

"எத்தனை தரம் ஏத்தவேணும் டொக்டர்?" என்று தாய் கேட்டார்.

"முடிவில்லை, தங்கச்சி. வாழ்நாள் முழுக்க."

அவர் அழவில்லை. நாலு வருடமாகக் காரணம் தெரியாமல் ஓடித் திரிந்தவருக்கு, ஒரு பெயரும் ஒரு திகதியும் கிடைத்தது ஆறுதலாக இருந்திருக்கவேண்டும்.

முதல் ஏற்றலுக்குப் பிறகான ஒரு வருடத்தில் நிமோனியா வரவில்லை. காது காய்ந்தது. மூன்று கிலோ கூடியிருக்கிறான். ஆனால் மூக்கடைப்பும் மஞ்சள் சளியும் அடிக்கடி வருகின்றன, ஜியார்டியா இன்னொரு தடவை வந்தது. ஏனென்றால் அந்தப் போத்தலில் இருப்பது கிட்டத்தட்ட முழுவதும் ஐஜிஜி. ஐஜிஏயும் ஐஜிஎம்மும் அதில் பேருக்குத்தான். இரத்தத்தில் ஏற்றும் ஐஜிஜி குடலின் உள்மேற்பரப்புக்குப் போதிய அளவு போய்ச் சேராது. ஆகவே கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன்.

தடுப்பூசி அட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். அதிலுள்ள ஊசிகள் எல்லாம் உண்மையாகப் போடப்பட்டவை; ஆனால் தடுப்பூசி என்பது பீ கலத்திடம் கேட்கும் ஒரு கேள்வி, இங்கே பதில் சொல்ல ஆளில்லை. வாயால் கொடுக்கும் போலியோச் சொட்டில் இருப்பதோ உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். பிறபொருளெதிரி இல்லாத குடலில் அது நீண்டகாலம் தங்கி, உருமாறி, வாதத்தை உண்டாக்கலாம். குழந்தைப் பருவத்தில் அவனுக்குச் சொட்டு கொடுத்தாகிவிட்டது. மலத்தை அனுப்பிப் பார்த்ததில் வைரஸ் இல்லை. ஐந்து வயதில் கொடுக்கவேண்டிய சொட்டுக்கு ஆறு மாதமே இருந்தது. குடும்பநல உத்தியோகத்தரிடம் நேரில் பேசி, அட்டையில் சிவப்பு மையால் குறித்து அதை நிறுத்தினோம். வீட்டில் வேறு பிள்ளைக்கும் சொட்டு வேண்டாம், ஊசியாகவே போகட்டும் என்றும் எழுதிக் கொடுத்தோம்.

இன்னொரு எச்சரிக்கையும் அதே சிவப்பு மையில் இருக்கிறது: இவனுக்கு இனிப் பிறபொருளெதிரிப் பரிசோதனை செய்து எந்த நோயையும் முடிவு செய்யவேண்டாம். இப்போது அவன் இரத்தத்தில் ஓடும் ஐஜிஜி முன்பின் தெரியாத மனிதர்களுடையது. சின்னமுத்துக்கு எதிரானது இருக்கும், வேறு பலவற்றுக்கு எதிரானதும் இருக்கும். ஒன்றும் இவன் செய்ததல்ல.

அம்மம்மா சொன்னது

நோயின் பெயரைச் சொன்ன அன்று அம்மம்மாவும் வந்திருந்தார். இந்த நோய் தாய்வழியில் வருவது, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத் தாக்குவது என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அவர் இடைமறித்தார்.

"எனக்கு மூத்தது ஒரு பொடியன். சளி, காது, சளி, காது. தொண்ணூறில இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்க காய்ச்சல் வந்து போயிட்டான். ஐஞ்சு வயசு. முகாம்ல கொண்டுபோய்ப் பிள்ளையைச் சாகக் குடுத்திட்டன் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன்."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அது உங்கள் பிழை இல்லை அம்மா என்று சொன்னேன். முகாமும் மழையும் அந்தச் சாவைச் சீக்கிரப்படுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பையன் முகாமுக்குப் போகுமுன்பே வெறுங்கையோடு நின்றவன்.

பிறகு அவர் கேட்டதுதான் அன்றைய முக்கியமான கேள்வி. இளைய மகளுக்கு மூதூரில் மூன்று மாத ஆண்குழந்தை. "அவன் நல்லாத்தான் இருக்கிறான் டொக்டர். பாக்கவேணுமா?"

நன்றாக இருப்பது எதையும் காட்டாது, ஏழு மாதம் வரை இவனும் நன்றாகத்தான் இருந்தான். அந்த வயதில் குருதி வகையின் தலைகீழ்ப் பரிசோதனை பயன்படாது. நோயில்லாத பல குழந்தைகளிலும் அது வெறுமையாகத்தான் இருக்கும். ஐஜிஜி அளந்தாலும் மிஞ்சியிருக்கும் தாயின் ஐஜிஜி ஏமாற்றும். பீ கலங்களை நேரடியாக எண்ணுவதே நம்பகமான வழி. அதற்கு இரத்தம் புதிதாக இருக்கவேண்டும், கிடந்து பழுதாகக்கூடாது. விடியற்காலை மாதிரி எடுத்து, குழந்தையின் தகப்பனே அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொழும்புக்குப் போனார்.

பீ கலங்கள் இல்லை.

நாலாவது மாதத்தில், ஒரு தடவைகூடக் காய்ச்சல் வராத அந்தக் குழந்தைக்கு முதல் ஏற்றல் நடந்தது. பக்கத்துக் கட்டிலில் பெரியவன் தன்னுடைய மாதாந்தப் போத்தலோடு இருந்தான். இரண்டு மணித்தியாலம் இருவருக்கும் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அம்மம்மா இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சின்னவனுக்கு இப்போது பதினாலு மாதம். இன்னும் ஒரு நிமோனியாவும் வரவில்லை.